நீர்க்கோட்டின் இருபுறம்: மிதக்கும் படகின் உடலைத் துலக்குதலும் மெழுகிடுதலும்

முன்னுரை

படகைக் கரையேற்றாமல், அது மிதந்துகொண்டிருக்கும்போதே அதன் உடலைத் துலக்கி மெழுகிடும் வழக்கம் சிட்னி, ஆக்லாந்து, சிங்கப்பூர், சான் டியாகோ முதலிய நகரங்களின் படகுத்துறைகளில் அன்றாடம் காணத்தக்கது. கரையேற்றுவதற்குப் பாரந்தூக்கி வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஆகவே படகு உடையோர் பலரும் இயன்ற அளவு பணியை நீரிலேயே முடித்துக்கொள்ள விழைகின்றனர். அவ்விழைவு எங்கே தகும், எங்கே தகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படகின் உடலை நீர்மட்டம் தொட்டுச் செல்லும் கோட்டை இங்கு நீர்க்கோடு என்போம். அக்கோட்டுக்கு மேலுள்ள பூச்சு நிலைத்திருந்து காக்கிறது. கீழுள்ள பூச்சு சிறிது சிறிதாகக் கரைந்து காக்கிறது. ஒரே படகு, ஒரே துணி, ஒரே கை. ஆயினும் கோட்டைக் கடந்தவுடன் பணியின் பொருள் மாறிவிடுகிறது. ‘படகைத் துலக்கி மெழுகிடுக’ என்னும் ஒற்றைத் தொடர் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுவதால், பொருளோடு சொல்லையும் சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.

கரையேறும் கலமும் கரையேறாக் கலமும்

தமிழ்க் கடலோர மரபில் மிதக்கும் கலத்தின் அடியைத் துலக்குவதற்குத் தனிச்சொற்கள் அரிது. அதற்குக் காரணம் உண்டு. கட்டுமரம் நாள்தோறும் மணலுக்கு ஏறும். கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவர். அலை மோதும் கரையில் இயங்கிய மசூலாப் படகும் அவ்வாறே கரையேறியது. நாள்தோறும் உலரும் மரத்தில் கடலுயிர்கள் நிலைகொள்வதில்லை. கப்பற்புழுவுக்கும் அதே கதிதான். ஆகவே நம் சொல்வளம் கரையில் நிற்கும் கலத்தைச் சுற்றியே வளர்ந்தது. பலகை இடுக்குகளில் பஞ்சும் கயிற்று நாரும் செலுத்தி அடைப்பது கலப்பத்து. அதன்மேல் பூசுவது குங்கிலியமும் கீலும். சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துக் கலத்தின் அடியில் பூசும் முறை இந்தியப் பெருங்கடல் எங்கும் வழங்கியது.

இயந்திரப் படகுகள் வந்த பின்னரும் இம்மரபு முற்றிலும் மறையவில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நிலவுகிறது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுநீக்கி வண்ணம் பூசும் காலமும் அதுவே. அடியைச் சுரண்டும் வேலை அங்கு உலர்ந்த நிலத்தில் நடைபெறுகிறது.

படகுத்துறையில் கட்டிக் கிடக்கும் உல்லாசப் படகின் வாழ்க்கை வேறு. ஆண்டில் சில நாள் தவிர அது நீரிலேயே நிற்கிறது. அதிலும் பெரும்பகுதி அசையாமல் நிற்கிறது. ஓடும் படகைவிட நிற்கும் படகில்தான் உயிர்கள் விரைந்து குடியேறுகின்றன. மிதக்கும் நிலையில் துலக்கும் தேவை இங்கிருந்தே தோன்றுகிறது.

நீர்க்கோட்டுக்கு மேல்

இன்றைய சிறு படகுகளில் மிகுதியானவை கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு வார்க்கப்படுபவை. அவற்றின் புறத்தே ஜெல்கோட் எனப்படும் நிறமூட்டிய பிசின் மேற்பூச்சு உண்டு. அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. வெயிலின் புற ஊதாக் கதிரும் உப்பு ஈரமும் இப்பிசினைச் சிதைக்கின்றன. பளபளப்பு மங்கும், விரலால் தேய்த்தால் சுண்ணப்பொடிபோல் வெண்தூள் ஒட்டும். அத்தூள் அழுக்கன்று, மேற்பூச்சின் உதிரியே. இதனை உணர்ந்தவர் முரட்டு மெருகுக்குழம்பை அடிக்கடி கையாளார். ஒவ்வொரு மெருகும் அந்த அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு பங்கைக் கொண்டுபோகிறது.

மெழுகு இங்குச் செய்வது எளிய பணி. துளைபடத் தொடங்கிய மேற்பரப்பின்மேல் மெல்லிய படலமாக நின்று, நீரையும் அழுக்கையும் அண்டவிடாமல் தடுக்கிறது. பிரேசில் நாட்டுப் பனைவகை ஒன்றின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னௌபா மெழுகு கடினமானது. 80 பாகை செல்சியசுக்கு மேலேதான் உருகும். செயற்கைப் பலபடிப் பூச்சுகளும் இன்று பரவலாகியுள்ளன. எதுவாயினும் சில திங்களில் தேய்ந்துபோகும். வெப்பமண்டல வெயிலில் இன்னும் விரைவாகத் தேயும். மெழுகை ஒரு நிலையான பாதுகாப்பாக விற்கும் விளம்பரங்களை நம்புவதற்கில்லை.

பணியின் வரிசை எளிது. முதலில் நன்னீரால் உப்பைக் கழுவ வேண்டும். உப்புப் படிகத்தின்மேல் துணியைத் தேய்த்தால் அதுவே உரசுதாளாகும். பின்னர் மென்மையான சவர்க்காரம், சிறிதளவு. நீர்க்கோட்டை ஒட்டிப் படியும் மஞ்சட் பழுப்புக் கறை சவர்க்காரத்துக்கு இசையாது. அது இரும்புத்துருவாலும், இலைதழைகளிலிருந்து கசியும் துவர்ப்பொருளாலும் உண்டாவது. அதற்கு ஆக்சாலிக் அமிலக் களிம்பு பயன்படுகிறது. அவ்வமிலம் நஞ்சு, கையுறையும் கண்காப்பும் இன்றித் தொடலாகாது. கழுவும் நீர் நேரே கடலில் விழுமாதலால், களிம்பைத் தாராளமாகப் பூசி நீர்பீய்ச்சிக் கழுவுவதைவிட, குறைவாகத் தடவி ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நன்று. அமிலப் பொருள்களைக் கீழிருந்து மேலாகத் தடவ வேண்டும் என்பது தொழிலறிந்தோர் விதி. மேலிருந்து தொடங்கினால் வழிந்த கோடுகள் உலர்ந்த பரப்பில் தனித்து வெளுத்துத் தெரியும்.

மெழுகிடுதல் நிழலில் செய்யத்தக்கது. சூடான பரப்பில் மெழுகு துடைக்குமுன் இறுகிவிடும். ஒரு நேரத்தில் இரண்டடிச் சதுரம் போதும். பூசி, மங்கலாக உலரவிட்டு, துடைத்து, அதன்பின் அடுத்த சதுரத்துக்குச் செல்லலாம்.

இவ்வளவும் கரையிலும் செய்யப்படுவதே. மிதக்கும் நிலைக்கே உரிய இடர்கள் வேறு. துறைமேடையிலிருந்து ஒரு பக்கத்தை எட்டலாம். மறுபக்கத்துக்குப் படகைத் திருப்பிக் கட்ட வேண்டும், அன்றேல் சிறு தோணியிலோ மிதவையிலோ நின்று பணியாற்ற வேண்டும். மிதவையில் நிற்பவர் படகின் உடலை அழுத்துந்தோறும் மிதவை பின்னே விலகும். நியூட்டனின் மூன்றாம் விதியை இவ்வளவு ஈரமாக மெய்ப்பிக்கும் வேறு இடம் இல்லை. ஆகவே மிதவையை இருமுனையிலும் படகோடு கட்டுவதும், உறிஞ்சுகிண்ணக் கைப்பிடியை ஒரு கையில் பற்றுவதும் இன்றியமையாதவை. மின் இணைப்புக் கம்பியோடு கூடிய மெருகுப்பொறியை நீரின்மேல் பயன்படுத்துதல் கூடாது. மின்கலத்தால் இயங்குவதே ஏற்றது. உரசுதாளிட்டுத் தேய்க்கும் தூள் நீரில் விழுவதால், பல துறைகள் மிதக்கும் படகில் அவ்வேலையைத் தடைசெய்துள்ளன.

நீர்க்கோட்டை ஒட்டிய ஒரு சாண் அகலப் பட்டையை மட்டும் மிதக்கும் நிலையில் செவ்வையாக மெழுகிட இயலாது. ஒவ்வோர் அலையும் அதனை நனைக்கும். தண்ணீர்த் தொட்டியையும் பளுவான பொருள்களையும் ஒருபுறம் மாற்றிப் படகைச் சற்றே சாய்த்து மறுபுறப் பட்டையை வெளிக்கொணர்வோர் உளர். பழங்காலத்தில் பெருங்கலங்களை ஒருக்களித்துச் சாய்த்து அடியைத் துலக்கிய முறையின் சிறு எச்சமாக இதனைக் கொள்ளலாம். ஆயினும் அப்பட்டையை அடுத்த கரையேற்றத்துக்கு விட்டுவைப்பதே அறிவுடைமை.

நீர்க்கோட்டுக்குக் கீழ்

தூய பரப்பொன்று கடல்நீரில் அமிழ்ந்தவுடன் கரிமப் பொருள்களின் மென்படலம் அதன்மேல் படிகிறது. ஓரிரு நாளில் நுண்ணுயிர்களும் டயாட்டங்களும் சேர்ந்து வழுவழுப்பான படலத்தை உண்டாக்குகின்றன. மீனின் உடல்மேலுள்ள வழுவழுப்பைக் குறிக்கும் வழும்பு என்னும் சொல் இதற்கு மிகப் பொருந்தும். அடுத்துப் பாசியின் வித்துகள். பின்னர்ச் சிப்பி, குழாய்ப்புழு, கொட்டலசு ஆகியவற்றின் இளம் உயிரிகள்.

இவற்றுள் கொட்டலசின் குடியேற்றம் வியப்புக்குரியது. சிப்பிபோல் தோன்றினும் அது நண்டு, இறால் ஆகியவற்றின் உறவினம். அதன் இளம் உயிரி, தன் உணர்கொம்புகளால் பரப்பின்மேல் நடந்து பார்த்து இடம் தேர்கிறது. தேர்ந்தபின் தலைப்புறத்தை ஒட்டவைக்கும் பசையைச் சுரந்து வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்குகிறது. பெயர்த்தெடுத்தாலும் சுண்ணாம்பு வட்டம் எஞ்சும். சார்லசு டார்வின் தம் வாழ்வில் ஏறத்தாழ 8 ஆண்டுகளை இவ்வினத்துக்கே செலவிட்டு, 1851 முதல் 1854 வரை நூல்களாக வெளியிட்டார்.

மெழுகு இவ்வுயிர்களைத் தடுப்பதில்லை. அதனினும் தீங்கு, நீர்க்கோட்டுக்குக் கீழுள்ள நச்சுப்பூச்சின்மேல் மெழுகிட்டால் பூச்சின் வேலையே கெடும். அடுத்து அடிக்கும் வண்ணமும் ஒட்டாது. அரிமானத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகளையும் மெழுகோ வண்ணமோ மூடலாகாது.

கரைவதே காப்பு என்னும் உண்மையை வரலாறு தெளிவாகக் காட்டியது. 1761ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை அலார்ம் என்னும் கப்பலின் மர அடியைச் செப்புத் தகட்டால் போர்த்தியது. புழுவும் கொட்டலசும் அண்டவில்லை. ஆனால் செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் கடல்நீரில் அரித்துப்போயின. செப்புத் தகடும் நாளடைவில் தேய்ந்தது. 1824ஆம் ஆண்டில் அம்ஃப்ரி டேவி ஒரு வழி கண்டார். செம்போடு சிறிதளவு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் அவை அரிந்து செம்பைக் காக்கும் என்றார், அவ்வாறே நிகழ்ந்தது. செம்பு அரிக்கப்படவில்லை. அதனாலேயே அதன்மேல் பாசியும் கொட்டலசும் செழித்து வளர்ந்தன. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. கரையாத செம்பு காவாத செம்பு.

இன்றைய செப்புப் பூச்சுகளும் இந்நெறியிலேயே இயங்குகின்றன. செம்பினும் வலிய நஞ்சைத் தேடிய முயற்சி 1960களில் வெள்ளீயத்தின் கரிமச் சேர்மமான டிரைபியூட்டைல் டின்னைப் பரப்பியது. பிரான்சின் ஆர்க்கசோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்துக் கோணியது, இனப்பெருக்கம் குன்றியது. 1982ஆம் ஆண்டில் பிரான்சு 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதனைத் தடைசெய்தது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001ஆம் ஆண்டில் ஏற்ற உடன்படிக்கை 2008 செப்டம்பர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. நடுவில் கழிந்த ஆண்டுகளின் எண்ணிக்கையே, நஞ்சைக் கடலில் விடுவது எளிது, மீட்பது அரிது என்பதற்குச் சான்று.

துலக்கலின் விலை

எனவே நீரடித் துலக்கலில் இருவகை வெளியேற்றம் உண்டு. ஒன்று நஞ்சு, மற்றொன்று உயிர்.

நஞ்சின் அளவைச் சான் டியாகோவின் ஷெல்டர் ஐலண்ட் படகுத்துறை உணர்த்துகிறது. அங்கு நீரில் கரைந்துள்ள செம்பில் 98 விழுக்காடு படகுகளின் அடிப்பூச்சிலிருந்து வந்ததென அதிகாரிகள் கணித்து, 17 ஆண்டுகளில் 76 விழுக்காடு குறைக்க வேண்டுமென 2005ஆம் ஆண்டில் ஆணையிட்டனர். பெரும்பங்கு பூச்சு தானாகக் கரைவதால் வருவது. துலக்குவதால் வருவது ஏறத்தாழ 5 விழுக்காடே. இதைக்கொண்டு துலக்குதல் தீங்கற்றதென முடிவுகட்டலாகாது. துலக்கும் கணத்தில் செம்பு செறிவாக வெளிப்படுகிறது. முரட்டுத் தூரிகை பட்ட பூச்சு விரைந்து தேய்ந்து, மறுபூச்சையும் விரைவில் வேண்டுகிறது. கலிபோர்னியா அரசு 2018 முதல் உல்லாசப் படகுப் பூச்சுகளின் செப்புக் கசிவுக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாளொன்றுக்கு 9.5 மைக்ரோகிராம் என உச்சவரம்பு விதித்தது. மென்மையான கம்பளத் துண்டால், திங்களுக்கு ஒருமுறைக்கு மேற்படாமல் துலக்குமாறும் அறிவுறுத்துகிறது.

நடைமுறையில் ஓர் எளிய அளவுகோல் உண்டு. துலக்கும்போது பூச்சின் நிறத்தில் நீருள் மேகம் எழுந்தால் அகல்வது அழுக்கன்று, பூச்சே. அப்பொழுதே கையை நிறுத்த வேண்டும்.

உயிரின் வெளியேற்றம் இதனினும் அஞ்சத்தக்கது. 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறையொன்றில் கருவரிச் சிப்பி என்னும் அயலினம் தூண்களிலும் படகடிகளிலும் அப்பிக் கிடந்தது கண்டறியப்பட்டது. ஆறு திங்களுக்கு முந்தைய ஆய்வில் அது தென்படவில்லை. 3 படகுத்துறைகளை மூடிக் குளோரினும் செப்பு சல்பேட்டும் இட்டு அச்சிப்பியை அறவே ஒழித்தனர். அத்துறைகளின் வாயிலில் நீரடைப்புக் கதவுகள் இருந்தமையால்தான் அது இயன்றது. திறந்த கடலில் அத்தகைய கதவு ஏது?

எண்ணூர், பழவேற்காட்டு உப்பங்கழிகளில் அதற்கு மாறான நிலையைக் காண்கிறோம். அமெரிக்க வெப்பமண்டலக் கரைகளைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிப்பியினம் அங்குக் கழியின் அடித்தரையைப் பாய்போல் மூடி, இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் செய்துள்ளது. அதற்கு மீனவர் இட்ட பெயர் காக்கா ஆழி. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் சிங்கப்பூரின் ஜோகூர் நீரிணைப் பக்கத்திலும் அதுவே பரவியுள்ளது. கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றியிறக்கும் நீரும், கப்பலடியில் ஒட்டிவரும் உயிரும் அதன் வழிகளாகச் சுட்டப்படுகின்றன. கழியில் தடவி இறால் பிடிப்போரின் வருவாய் அதனால் குலைந்துள்ளது. படகடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி நீரில் தள்ளுவோர், தாம் தள்ளுவது எந்தக் கரையின் உயிர் என வினவ வேண்டியதன் காரணம் இதுவே. சுரண்டப்பட்டவை யாவும் இறப்பதில்லை. கடற்பீச்சி போன்றவற்றின் துண்டுகள் மீண்டும் வளரும். சில உயிரினங்கள் அதிர்ச்சியால் கருவணுக்களை வெளியிடவும் கூடும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து வகுத்த வழிகாட்டுதல் இரண்டு வினாக்களை முன்வைக்கிறது: ஒட்டிய உயிர் உள்ளூரில் சேர்ந்ததா, வெளியிலிருந்து வந்ததா? பூச்சு துலக்கலைத் தாங்குமா? உள்ளூரில் சேர்ந்த வழும்பை மென்துணியால் அகற்றலாம். தொலைவிலிருந்து வந்த சிப்பியும் கொட்டலசும் இருப்பின் படகைக் கரையேற்றி, சுரண்டியதைத் திரட்டி நிலத்தில் அகற்றுதலே முறை. நியூசிலாந்து 2018 மே மாதம் முதல் வெளிநாட்டிலிருந்து வரும் கலங்களின் அடி தூய்மையாக இருத்தல் வேண்டுமெனக் கட்டாயப்படுத்தியுள்ளது. நெடுநாள் தங்க வரும் கலத்தில் வழும்பும் காம்புக் கொட்டலசும் மட்டுமே பொறுத்துக்கொள்ளப்படும்.

மூழ்கித் துலக்குவோரின் உயிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கரையிலிருந்து படகுக்கு வரும் மின்சாரம் கசிந்தால் நீரிலிருப்பவரின் தசைகள் செயலிழந்து அவர் மூழ்குவார். நன்னீர்த் துறைகளில் இவ்விடர் மிகுதி. மின் இணைப்பைக் கழற்றி, இயந்திரச் சாவியை எடுத்துவைத்து, மேலே ஒருவரை நிறுத்தியபின் இறங்குதலே முறை.

சொற்கள்

இப்பணிக்குரிய வழிகாட்டுதல்களைத் தமிழில் தருவோர் சில இடங்களில் விழிப்பாக இருத்தல் வேண்டும். கீல் என்பது தமிழில் மரக்கலத்துக்குப் பூசும் தார். அதே ஒலியுள்ள ஆங்கிலச் சொல் படகின் முதுகெலும்பான அடிமரத்தைக் குறிக்கும். பின்னதற்கு ஏரா என்னும் நல்ல சொல் நம்மிடம் உள்ளது. மெழுகுதல் என்னும் வினையோ தரையை ஈரம்படத் தடவுவதையே பெரிதும் சுட்டுவதால், மெழுகு பூசுவதற்கு மெழுகிடுதல் என்றே எழுதலாம். அச்சொல்லும் நீர்க்கோட்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் உரியதாகட்டும். கீழ்ப்பகுதிக்குத் துலக்குதல் என்பது போதும். சுரண்டுதல் என்பதைக் கரையேற்றிய கலத்துக்கென ஒதுக்கிவைக்கலாம்.

நீரடிப் பூச்சைக் கறைத் தடுப்பு வண்ணம் எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்போர் உளர். கறை என்றவுடன் கண் நீர்க்கோட்டுக்கு மேல் செல்கிறது; நஞ்சென்னும் எண்ணமே எழுவதில்லை. ஒட்டுயிர்த் தடுப்புப் பூச்சு என்பது பொருள் விளங்கும் ஆக்கம், சற்றே நீளம். கரைந்து காக்கும் இயல்பை உணர்த்தக் கரைபூச்சு என்னும் வினைத்தொகையை இக்கட்டுரை முன்மொழிகிறது. கரைகின்ற பூச்சு, கரைந்த பூச்சு, கரையும் பூச்சு என மூன்று காலமும் அதில் அடங்கும். வினைத்தொகையாதலால் அங்கு வல்லினம் மிகாது. ப் சேர்த்துக் கரைப்பூச்சு என்று அச்சிட்டால் அது கரையில் பூசப்படுவதாகவோ கரைக்கு உரியதாகவோ பொருள்பட்டுவிடும். மெய்ப்புத் திருத்துவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.